வல்லத்துப் பிள்ளையும் பதினாறு இலக்க எண்ணும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் கணக்கு வரும். பயப்பட வேண்டாம். பெருக்கல், வகுத்தல், மீதி, அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பு தாண்டியவர்கள் எல்லோரும் தாராளமாகப் படிக்கலாம். கணக்கு என்றாலே ஓடுகிறவர்கள் நடுவில் இரண்டு பத்தியைத் தாண்டிக்கொண்டு கதைக்கு வந்துவிடுங்கள்.

நான் இருப்பது கார்டன் ரீச்சில். கொல்கத்தாவில் நம்மவர்கள் என்றால் லேக் மார்க்கெட் பக்கம்தான். காபிப் பொடி, அப்பளம், மல்லிகைப் பூ எல்லாம் அங்கேதான். ஹூக்ளிக் கரையின் இந்தக் கோடியில் இருப்பது கப்பல் கட்டும் தளம், துறைமுகக் கிடங்குகள், தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம், அப்புறம் மெட்டியாப்ருஸ் தையற்காரர்கள். இங்கே வந்தவர்களில் பாதிப் பேர் வேறெங்கிருந்தோ வந்தவர்கள். 1856-ல் ராஜ்யத்தை இழந்து வந்த லக்னோ நவாப் வாஜித் அலி ஷா இங்கேதான் இன்னொரு குட்டி லக்னோவைக் கட்டிக்கொண்டு வாழ்ந்து முடித்தார். ஃபிஜிக்கும் சுரினாமுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் கப்பல் ஏறியதும் இந்தக் கரையில்தான். அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவன் செங்கோட்டைக்காரனான நான்.

என் பிழைப்பு கன்டெய்னர்களோடு. ஒவ்வொரு கன்டெய்னரின் பக்கவாட்டிலும் நாலு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம் இருக்கும். முந்தைய பத்தையும் ஒரு முறைப்படி மாற்றிப் பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்தக் கடைசி இலக்கம் (மீதி 10 வந்தால் 0). யாராவது தூக்கக் கலக்கத்தில் 3-ஐ 8 என்று அடித்தால் மீதி ஒத்துப்போகாது, கணினி கத்திவிடும். ஆகவே எனக்கு மீதிகள் மேல் ஒரு மரியாதை உண்டு. சோறு போடுவதே அதுதானே!

போன வருஷம் ஒன்பதாம் வகுப்பில் இருந்த என் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். கொல்கத்தாவில் வாழ்ந்து பணி செய்த அறிவியல், கணித அறிஞர்களைப் பட்டியல் போட்டு ஒரு பெரிய அட்டையில் ஒட்ட வேண்டும். ஜகதீஷ் சந்திர போஸ், பி.சி.ராய், சத்யேந்திரநாத் போஸ், மேக்நாத் சாஹா, மஹலனோபிஸ் என்று எழுதிக்கொண்டே போனாள். பிறகு சர் சி.வி.ராமன். "தமிழ் ஆள் ஒருத்தர் வந்தாச்சுப்பா" என்றாள் சந்தோஷமாக.

"இன்னொருத்தர் இருக்கார்மா. எஸ்.எஸ்.பிள்ளை. நம்மூர்ப் பக்கம்தான், வல்லம்."

அவள் எழுதிக்கொண்டு போனாள். மறுநாள் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. ஆசிரியை "இவர் வங்காளியா?" என்று கேட்டாராம். இல்லை என்றதும், "அப்படியானால் இங்கே என்ன செய்தார்?" என்றாராம். அவர் குத்தலாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டிருக்கிறார். என் அலுவலக நண்பரிடம் சொன்னேன், "பிள்ளையா, மலையாளியாக இருக்கும்" என்றார். சரி, ஊரிலாவது தெரியுமா என்று வல்லத்தில் இருக்கும் அத்தை மகனுக்குப் போன் போட்டேன். "எந்தப் பிள்ளை மச்சான்? எங்க தெருவுலயே நாப்பது பிள்ளை இருக்காவ" என்றான்.

வந்த ஊருக்கும் தெரியவில்லை, பிறந்த ஊருக்கும் தெரியவில்லை. வெளியூரில் குடியிருக்கிற எவனுக்கும் இது கொஞ்சம் வலிக்கும் இடம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901 ஏப்ரல் 5-ஆம் தேதி குற்றாலம் பக்கத்து வல்லத்தில் பிறந்தார். அப்பா சுப்பையா பிள்ளை, அம்மா கோமதி அம்மாள். ஒரு வயதிலேயே அம்மா போய்விட்டார். செங்கோட்டையில் படித்தபோது சாஸ்திரியார் என்ற ஆசிரியர் பையனின் மூளையைக் கண்டுகொண்டார். பள்ளிப் படிப்பு முடியும் முன்பே அப்பாவும் இறந்து, படிப்பு நின்றுவிடும் என்ற நிலை வந்தபோது, அந்த சாஸ்திரியார்தான் தன் சொற்பச் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்துப் படிக்க வைத்தார். பிறகு நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர்.

அந்தக் காலத்தில் கணக்குப் பித்து பிடித்தவர்களுக்கெல்லாம் ஒரு திண்ணை இருந்தது. டெபுடி கலெக்டராக இருந்த வி.ராமஸ்வாமி ஐயர் 1907-ல் தொடங்கிய இந்தியக் கணிதக் கழகமும் அதன் சஞ்சிகையும்தான் அது. ராமானுஜனின் முதல் கட்டுரை 1911-ல் வந்தது அதில்தான். கட்டுரைகளோடு கேள்விகளும் அச்சாகும். யாரும் கேட்கலாம், யாரும் பதில் எழுதலாம். 1930-ல் அதில் பிள்ளை ஒரு கேள்வி கேட்டார். அதைப் புரிந்துகொள்ளத்தான் தலைப்பில் சொன்ன பதினாறு இலக்க எண் வேண்டும்.

1 முதல் 18 வரை எல்லா எண்களையும் ஒன்றோடொன்று பெருக்குங்கள். பள்ளிப் புத்தகத்தில் காரணியப் பெருக்கம் என்பார்களே, அது. விடை 6402373705728000. அதோடு ஒன்றைக் கூட்டுங்கள்.

6402373705728001.

நம் கணக்கில் 6,402 லட்சம் கோடிக்கும் மேல். டெபிட் கார்டில் இருப்பது போலப் பதினாறு இலக்கம். பக்கத்துப் பக்கத்து வீடுதான் இந்த இரண்டு எண்களும், ஆனால் குணம் அடியோடு வேறு. முதல் எண்ணை மீதியில்லாமல் வகுக்கக்கூடிய எண்கள் 14,688. எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கும் வீடு. ஒன்று கூட்டியதும் கதவு சாத்திக்கொள்கிறது. 2 முதல் 18 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி 1 நிற்கும். ஆக, இந்த எண்ணின் பகாக் காரணிகள் எல்லாமே 18-க்கு மேற்பட்டவையாகத்தான் இருக்க வேண்டும். இருக்கிறவை ஆறு:

19 × 23 × 29 × 61 × 67 × 123610951

ஆறு பகா எண்கள், எதுவும் இரண்டு முறை வரவில்லை. அதனால் இதை வகுக்கும் எண்கள் மொத்தமே 64. கணிதக்காரர்கள் எண்களைச் சாதகம் பார்ப்பது போலப் பிரித்து வைப்பார்கள். அப்படிப் பார்த்தால் இது ஒற்றைப்படை எண், பகு எண், எந்த வர்க்கத்தாலும் வகுபடாத எண் (1-ஐத் தவிர). தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தன் அளவுக்கு வராததால் குறை எண்ணும்கூட. இதெல்லாம் எந்த எண்ணுக்கும் பார்க்கலாம். பிள்ளை கேட்டது வேறு.

இப்படி ஒன்று கூட்டிய எண்களின் பகாக் காரணிகளை எடுத்து, எதுவரை பெருக்கினோமோ அந்த எண்ணால் வகுத்தால் எப்போதும் மீதி 1 வருமா? இதுதான் கேள்வி. சின்ன எண்களில் பாருங்கள். 5 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 121, அதாவது 11 × 11. 11-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி 1. 6 வரை போனால் 721, அதாவது 7 × 103. இரண்டையும் 6-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 1. 7 வரை போனால் 5041, அதாவது 71 × 71. 7-ஆல் வகுத்தால் மீதி 1. அடடா, விதி கிடைத்துவிட்டது என்று துள்ளத் தோன்றும். 8-க்கு வந்தால் 40321, அதாவது 61 × 661. 61-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5. போச்சு!

நம் பதினாறு இலக்க எண்ணில் வேடிக்கை இன்னும் அதிகம். ஆறு காரணிகளையும் 18-ஆல் வகுத்தால் 19-க்கும் 123610951-க்கும் மீதி 1. இவை இரண்டும் நல்ல பிள்ளைகள். 23-க்கு மீதி 5, 29-க்கு 11, 61-க்கு 7, 67-க்கு 13. நாலு பேர் சொன்ன பேச்சு கேட்காதவர்கள்.

ஆகவே பிள்ளையின் கேள்விக்கு விடை "இல்லை". ஆனால் கணிதம் அந்தக் கேள்வியைத் தூக்கி எறிந்துவிடவில்லை. விதியை மீறும் இந்தப் பகா எண்களைத் தனி இனமாகவே பிரித்து, பிள்ளை பகா எண்கள் என்று பெயர் வைத்தது. அவற்றில் முதலாவது 23. பிறகு 29, 59, 61, 67 என்று போகும். முதல் ஐந்தில் நாலு நம் ஒரே எண்ணுக்குள் இருப்பதைக் கவனித்தீர்களா? இந்த இனத்துக்கு முடிவே இல்லை என்பதை 2002-ல் ஜி.ஈ.ஹார்டியும் எம்.வி.சுப்பாராவும் நிறுவினார்கள் (ராமானுஜனின் ஹார்டி வேறு, இவர் வேறு).

பதினாறு இலக்கத்தை 23-ஆல் யார் வகுத்துப் பார்ப்பது என்கிறீர்களா? வேண்டாம், குறுக்கு வழி இருக்கிறது. வில்சன் தேற்றம் என்று ஒன்று உண்டு. எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதற்கு முந்தைய எண் வரை பெருக்கி ஒன்று கூட்டினால் அந்தப் பகா எண்ணால் மீதியின்றி வகுபடும். ஆக, 22 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 23-ஆல் வகுபடும். நாம் பெருக்கியது 18 வரைதான். விட்டுப்போனவை 19, 20, 21, 22. அவற்றைப் பெருக்கினால் 175560. இதை 23-ஆல் வகுத்தால் ஈவு 7633, மீதி 1. மீதி 1 உள்ள எண்ணால் பெருக்கினால் பழைய மீதி மாறாது. எனவே 22 வரை பெருக்கினாலும் 18 வரை பெருக்கினாலும் 23-ஆல் வகுத்த மீதி ஒன்றேதான். முடிந்தது கதை. ஒரு தோசை வேகும் நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்துவிடலாம்.

இந்த வில்சன் தேற்றம் முதலில் அச்சில் வந்தது எட்வர்ட் வாரிங் 1770-ல் வெளியிட்ட புத்தகத்தில். அதே புத்தகத்தில் இருந்த இன்னொரு புதிர்தான் பிள்ளைக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஓர் எண்ணைக் கனங்களின் கூட்டலாக எழுத எத்தனை கனங்கள் போதும்? ஒன்பது போதும். 23-க்கு (மறுபடியும் 23!) அந்த ஒன்பதும் வேண்டும்: இரண்டு 8, ஏழு 1. ஆறாம் படிகளுக்கு எத்தனை வேண்டும்? 703-ஐப் பாருங்கள். ஆறாம் படிகள் 1, 64, 729 என்று போகும். 729 பெரிதாகிவிட்டது. பத்து 64, அறுபத்து மூன்று 1, ஆக 73. எந்த எண்ணுக்கும் 73-க்கு மேல் தேவைப்படாது என்று 1940-ல் அண்ணாமலை நகரில் உட்கார்ந்து நிரூபித்தார் பிள்ளை. ஏழும் அதற்கு மேலும் உள்ள படிகளைப் பற்றி 1936-லேயே அவரும் அமெரிக்காவின் டிக்ஸனும் தனித்தனியாக முடிவு கண்டிருந்தார்கள். சுலபமாகத் தோன்றும் ஐந்தாம் படி சீனாவின் சென் ஜிங்ருன் வரும்வரை, 1964 வரை, காத்திருந்தது. நாலாம் படியை 1986-ல் முடித்த மூவரில் ஒருவர் நம் ஆர்.பாலசுப்ரமணியன்.

இனி கல்கத்தா. 1941-ல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளை, அடுத்த வருஷமே கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார். அழைத்தவர் எஃப்.டபிள்யூ.லெவி, ஜெர்மானிய யூதர். 1935-ல் நாஜி அரசு அவரை லைப்சிக் பல்கலைக்கழகத்தை விட்டுத் துரத்த, கல்கத்தா அவருக்கு இடம் கொடுத்திருந்தது. ஊரை இழந்த ஒருவர், ஊரை விட்டு வரும் இன்னொருவருக்கு நாற்காலி போட்டார். அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து வரும் ரயில் வால்டேருக்கு வடக்கே பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் தண்டவாளத்தில் ஓடும். அந்த ரயில்வேயின் தலைமையகம் இதே கார்டன் ரீச். நான் தினமும் கடந்து போகும் கட்டடம்தான்.

அவர் வந்த நேரம் நல்ல நேரம் இல்லை. 1942 டிசம்பர் 20 இரவில் ஜப்பான் விமானங்கள் கல்கத்தாவில் முதல் குண்டைப் போட்டன. 1943-ல் வங்காளப் பஞ்சம், தெருவெல்லாம் பட்டினிச் சாவு. அந்த வருஷம் டிசம்பர் 5-ஆம் தேதி பட்டப் பகலில் எங்கள் பக்கத்து கிதிர்பூர் துறைமுகத்தில் குண்டு விழுந்து கூலியாட்கள் பலர் செத்தார்கள். 1946 ஆகஸ்டில் கலவரம், அதில் மெட்டியாப்ருஸும் எரிந்தது. அடுத்த வருஷம் பிரிவினை.

இத்தனைக்கும் நடுவில், 1945-ல், கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் பிள்ளையின் ஒரு கட்டுரை வருகிறது. 2-இன் படியிலிருந்து 3-இன் படியைக் கழிக்கிறார். 8 − 3 = 5. 32 − 27-ம் 5. 16 − 3 = 13. 256 − 243-ம் 13. இப்படி இரண்டு வழியில் கிடைக்கும் மிகை எண்கள் இவை இரண்டு மட்டுமே என்று கருதினார். அது சரிதான் என்று 1982-ல் ஸ்ட்ரூக்கரும் டைடெமனும் நிரூபித்தார்கள். அதே வழியில் அவர் கேட்ட பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. வர்க்கம், கனம், நாலாம் படி எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் (1, 4, 8, 9, 16, 25, 27, 32...), எந்த ஒரு குறிப்பிட்ட இடைவெளியும் சில முறை மட்டுமே வந்து பிறகு வராமலே போய்விடுமா? பிள்ளை ஊகம் என்பது இதுதான். இடைவெளி 1-க்கு மட்டும் 2002-ல் மிஹைலெஸ்கு பதில் கண்டுபிடித்தார்: 8-ம் 9-ம் தவிர வேறு கிடையாது. மற்றவற்றுக்கு இன்றுவரை யாராலும் முடியவில்லை. "இங்கே என்ன செய்தார்?" என்ற கேள்விக்கு என் பதில் இது. ஊரே பற்றி எரிந்தபோது இங்கே உட்கார்ந்து, உலகத்துக்கு இன்னும் தீராத ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

போனது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். 1950-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஒரு வருஷம் வந்து இருக்கும்படி அவரை அழைத்தது. போகும் வழியில் ஹார்வர்டில் சர்வதேசக் கணித மாநாடு. ஆகஸ்ட் 30-ஆம் தேதி மாநாடு தொடங்கியது. மறுநாள், ஆகஸ்ட் 31, பம்பாயிலிருந்து கெய்ரோ வழியாகப் போன விமானம் கெய்ரோவை விட்டுக் கிளம்பிய சற்று நேரத்தில் பாலைவனத்தில் விழுந்து எரிந்தது. இருந்த 55 பேரும் போய்விட்டார்கள். பிள்ளைக்கு வயது 49. சண்டிகர் நகரத்தைத் திட்டமிட்டுக்கொண்டிருந்த போலந்துக் கட்டடக் கலைஞர் நோவிட்ஸ்கியும், எகிப்திய நடிகை கமேலியாவும் அதே விமானத்தில்தான் இருந்தார்கள்.

அவருடைய கட்டுரைகள் பல சஞ்சிகைகளில் சிதறிக் கிடந்தன. பாலசுப்ரமணியனும் ஆர்.தங்கதுரையும் அவற்றைத் தொகுத்துப் பதிப்பித்து, ராமானுஜன் கணிதக் கழகத்தின் வெளியீடாகக் கொண்டுவந்தது 2010-ல். அறுபது வருஷம்!

பட்டியலில் விடுபடுவது என்பது பெரியவர்கள் கையிலேயே நடக்கும் விஷயம். ராமானுஜன் 1915-ல், தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களை வரிசையாகத் தேடிப் பட்டியல் போட்டார். 102 எண்கள், கடைசி எண் 6746328388800. அதற்கு 10,080 வகுத்திகள். கையால் போட்ட அந்த அற்புதமான பட்டியலில் ஒரே ஓர் எண் விட்டுப்போயிற்று: 293318625600. விட்டுப்போனதால் அந்த எண்ணுக்குக் குணம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. விட்டுப்போனதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள், பட்டியலின் கடைசி எண் வருகிறது!

இதை மகளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அட்டையின் அடியில் பிள்ளையின் பெயரை எழுதி, "பிறப்பு வல்லம், பணி கல்கத்தா" என்று போட்டு, கீழே அந்தப் பதினாறு இலக்கத்தையும் எழுதினாள். இடம் போதாமல் கடைசி இரண்டு இலக்கம் ஓரத்தில் வளைந்து இறங்கியது. பக்கத்தில் 175560-ஐ 23-ஆல் வகுத்துக் காட்டியிருந்தாள். ஆசிரியை நின்று அந்த வகுத்தலைத் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தாராம். மீதி 1 வந்ததும், "இவரைப் பற்றி வகுப்பில் நீயே பேசு" என்றாராம்.

அடுத்த சாரலுக்கு ஊருக்குப் போவீர்கள். குற்றாலம் போகிற வழியில் வல்லம் என்று பலகை தெரிந்தால் பிள்ளைகளை எழுப்பிக் காட்டுங்கள். பெயர் நீளமாக இருக்கிறது, ஞாபகம் இருக்காது என்றால், 23 என்று மட்டும் சொல்லி வையுங்கள்.